பின்னல் ஷூவுக்குள் பாதம் ஏன் நழுவுகிறது?

கேள்வி: பின்னல் துணி ஷூ காலுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் ஓடும்போது சட்டென்று திரும்பினால் பாதம் பக்கவாட்டில் நழுவுகிறது. துணியின் குறையா?

பதில்: துணியைக் குறை சொல்ல மாட்டேன், வடிவமைப்பைத்தான் சொல்வேன். நெசவில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக நேராக ஓடும். பின்னலில் நூல் கண்ணி கண்ணியாக வளைந்து கிடக்கும்; இழுத்தால் கண்ணி விரிந்து கொடுக்கும். நீங்கள் சொல்லும் இதம் அதுதான், நழுவலுக்குக் காரணமும் அதுவே.

ஷூவின் மேற்பாகத்தை வரைய உட்கார்ந்தால், எங்கே நீளக் கூடாது என்பதைத்தான் முதலில் குறிப்பேன். விரல் மடங்கும் இடம் நீளட்டும், கால் நுழையும் வாயும் நீளட்டும். நடுப்பாதத்தின் இரு பக்கமும் குதிகாலும் அசையவே கூடாது. அங்கே பின்னலை நெருக்குவோம். சூட்டில் உருகி இறுகும் நூலைச் சேர்ப்போம். சில சமயம் லேஸ் துளையிலிருந்து அடிப்பாகம் வரை நீளாத கயிறு ஓட்டுவோம். 2012-ல் வந்த நைக்கியின் ஃப்ளைநிட், அடிடாஸின் பிரைம்நிட் என்ற பின்னல் ஷூக்கள் இரண்டிலும் எனக்குப் பிடித்தது, ஒரே துணியில் இடத்துக்கு இடம் பின்னலை மாற்றிய விதம்தான்.

சரி, அடுத்த முறை வாங்கும்போது நடுப்பாதப் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். விரல் பகுதி அளவுக்கே அதுவும் நீண்டால், ஓட்டத்துக்கு வேண்டாம். நடக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.