நோ குறைந்துவிட்டது, மூட்டுவாதக் குளிசையை விடலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது, சாவகச்சேரி. கைவிரல் மூட்டுகள் வீங்கி, காலமையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மடக்க முடியாமல் இருந்தது. ருமற்றொயிட் மூட்டுவாதம் என்று மெதோட்ரெக்சேற் தந்தார்கள். நான்கு மாதத்தில் நோ நன்றாகக் குறைந்துவிட்டது. நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்தாமே, இனி விடலாமா?

பதில்: நீங்களாக விட வேண்டாம். நோ அடங்கினாலும் மூட்டுக்குள் நோய் முற்றாக அடங்கியிருக்காது.

மூட்டின் உள்ளுறை சுகமான நிலையில் ஒன்று முதல் மூன்று கலப்படை தடிப்புத்தான். உங்கள் நோயில் நோய் எதிர்ப்புக் கலங்களான ரி கலங்களும் பெருவிழுங்கிக் கலங்களும் அங்கே கூடி, ரி.என்.எஃப், இன்ரலூக்கின்-1, இன்ரலூக்கின்-6 போன்ற புரதங்களைச் சுரக்கின்றன. அவை உறைக்கலங்களைப் பெருகத் தூண்டுவதோடு, சாக வேண்டிய கலங்களையும் சாக விடுவதில்லை. உறை பத்துப் படைக்கு மேலும் தடித்து, கசியிழையத்தின் (எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு) மேல் படர்ந்து அதைக் கரைக்கும் நொதியங்களை விடுகிறது. எலும்பை அரிக்கும் கலங்களும் இதனால் தூண்டப்படுகின்றன. அப்படி அரிபட்ட எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

இன்னொன்றும் உண்டு. பெருகிய உறைக்கலங்கள் தாங்களே இன்ரலூக்கின்-6 சுரந்து புதிய நோய் எதிர்ப்புக் கலங்களை இழுக்கின்றன. நோயாளிகளின் உறைக்கலங்களை, நோய் எதிர்ப்புக் கலங்கள் இல்லாத எலிகளில் மனிதக் கசியிழையத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தபோதும் அவை அதை அரித்தன. தூண்டியவை போன பிறகும் அந்தக் குணம் போகவில்லை. மருந்தை விட்டவர்களில் பலருக்கு நோய் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மெதோட்ரெக்சேற் வாரத்தில் ஒரே நாள் மட்டும். தவறித் தினமும் போட்டால் இரத்தக் கலங்கள் உருவாகும் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து. 2.5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என இரண்டு அளவுக் குளிசைகள் உண்டு. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் உறையில் உள்ள அளவைப் பாருங்கள். குளிசை போடும் நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். போலிக் அமிலத்தை வேறொரு நாளில் எடுங்கள். கிளினிக்கில் சொல்லும் தவணைக்கு இரத்தக் கலங்களின் எண்ணிக்கை, ஈரல், சிறுநீரகப் பரிசோதனைகளைத் தவறாமல் செய்யுங்கள். மதுவைத் தவிருங்கள். குழந்தை உண்டாக வாய்ப்பிருந்தால் இந்த மருந்து கூடாது.

காய்ச்சலோ, வாய்ப்புண்ணோ, வறட்டு இருமலோடு மூச்சு முட்டலோ வந்தால் அந்த வாரக் குளிசையைப் போடாமல் அன்றே வைத்தியரிடம் போங்கள். மாரி காலத்தில் டெங்கு என்றால் இரட்டிப்பு ஆபத்து; நோ மருந்துகளான டைக்குளோபெனாக், இபுபுரோபென் இரண்டையும் தொட வேண்டாம்.

வீக்கமும் விறைப்பும் இல்லாமல், அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி பல மாதம் சரியாக இருந்தால், அளவைப் படிப்படியாகக் குறைப்பது பற்றி உங்கள் கிளினிக் வைத்தியரோடு பேசலாம்.