ராமேஸ்வரத்துக்கு இரண்டு நாள்: நடை சாத்தும் நேரத்தை வைத்துத் திட்டம் போடுங்கள்

கேள்வி: மதுரையிலிருந்து சொந்தக் காரில் ராமேஸ்வரம் போகிறோம். நான், மனைவி, 9 வயது மகன், 71 வயது அம்மா. சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு இரவுக்குள் வீடு வந்து சேர வேண்டும். அப்பா காலமாகி வருஷம் முடிந்துவிட்டது. கோயிலுக்குக் கிழக்கே உள்ள கடலான அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம் செய்ய வேண்டும். கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஆனால் அவருக்கு முட்டி வலி, சர்க்கரையும் உண்டு. தனுஷ்கோடியையும் பார்க்க முடியுமா? போகிற வழியில் உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி, தேவிபட்டினம் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு ஊர் சொல்கிறார்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

பதில்: எல்லாம் முடியும். ஆனால் வரிசை தவறினால் எதுவும் நிம்மதியாக முடியாது. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர்தான். மூன்றரை மணி நேரம்தானே என்று அதிகாலையில் கிளம்பி, 10 மணிக்கு ஊருக்குள் நுழைந்து, நேராகக் கடலில் இறங்குகிறவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். தர்ப்பணம் முடியவே 11 ஆகிவிடும். அதன்பின் 22 தீர்த்தத்துக்கு வரிசை. அதை முடித்து ஈரத் துணியோடு வெளியே வரும்போது 1 மணிக்கு நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறப்பது 3 மணிக்கு. ஈரத் துணியோடு சுவாமி சன்னதிக்குள் விடமாட்டார்கள். வெயிலில் பசியோடு இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, தரிசனம் முடிந்ததும் தனுஷ்கோடிக்கு ஓடினால், அங்கே மாலை 5 மணி வாக்கில் சோதனைச் சாவடியில் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்படி ஒன்று தள்ளிப்போனால் எல்லாமே தள்ளிப்போகும்.

அதனால் சனிக்கிழமையை ஊர் பார்க்கவும் தனுஷ்கோடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு விடியற்காலையை முழுக்க முழுக்க கோயிலுக்கு விடுங்கள்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். நீங்கள் குறித்திருக்கும் சனி, ஞாயிறில் அமாவாசை வருகிறதா? ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் ஊருக்கு வெளியிலேயே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. வருஷத் திதி வேறு நாளில் முடிந்துவிட்டதால் உங்களுக்கு அமாவாசைதான் என்ற கட்டாயம் இல்லை. முட்டி வலியோடு ஒருவர் வரும்போது அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

சனிக்கிழமை காலை 6 மணிக்குக் கிளம்பினால் போதும். மானாமதுரை, பரமக்குடி வழியாகப் போகிற சாலை பரமக்குடி வரை நான்கு வழி. அதன்பின் இரண்டு வழிதான். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் அடர்ந்து நிற்பதால் ஆடு மாடு சாலைக்கு வரும்வரை கண்ணில் படாது. இந்தப் பகுதியில் 70க்கு மேல் ஓட்டாதீர்கள். இருட்டிய பிறகு ராமநாதபுரம் – மண்டபம் பாதையில் எதிர்வரும் வண்டிகளின் விளக்கு கண்ணைக் கூசச் செய்யும். போகும்போதும் வரும்போதும் இந்தப் பாதையைப் பகலிலேயே கடந்துவிட வேண்டும்.

சொந்தக்காரர்கள் சொன்ன மூன்று ஊர்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வழிக்கு ஒத்துவருவது உத்தரகோசமங்கை. ராமநாதபுரத்துக்குச் சற்று முன்பே வலப்புறம் பிரியும் சாலையில் போகலாம். 9 மணிக்குள் போய்விட்டால் கூட்டமில்லாமல் மங்களநாதரையும் மங்களேஸ்வரியையும் பார்க்கலாம். மற்ற சிவன் கோயில்களில் சேர்க்காத தாழம்பூவை இங்கே சாத்துகிறார்கள். மரகத நடராஜர் வருஷம் முழுதும் சந்தனக் காப்பில்தான் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் காப்பு களைவார்கள். பச்சை மேனியைக் காணவில்லையே என்று அம்மா ஏமாறாமல் இருக்க முன்பே சொல்லிவைப்பது நல்லது. திருப்புல்லாணி ராமநாதபுரத்துக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டர், தேவிபட்டினம் வடக்கே சுமார் 15. திசையே எதிரெதிர். இரண்டையும் சேர்த்தால் சனிக்கிழமை முழுதும் காரிலேயே கழிந்துவிடும். குடும்பத்தில் பெருமாள் வழிபாடு என்றால் உத்தரகோசமங்கைக்குப் பதில் திருப்புல்லாணி போகலாம். தர்ப்பைப் புல்லில் சயனித்த ராமர் அங்கே இருக்கிறார்.

ராமநாதபுரத்தில் மதியச் சாப்பாட்டை 12 மணிக்கே முடித்துக்கொண்டு, பெட்ரோலும் நிரப்பிவிடுங்கள். தனுஷ்கோடிச் சாலையில் பங்க் கிடையாது.

பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். 1988இல் திறந்த இந்தச் சாலைப் பாலம் இரண்டு வழிதான். ஒரு கார் நின்றால் பின்னால் வரிசை கட்டிவிடும். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் பாலத்தின் மேல் கதவைத் திறப்பதும் ஆபத்து, காற்று கதவைப் பிடுங்கி விரித்துவிடும். பக்கத்தில் தெரிவது 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம். கப்பல் போக நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். மகன் கேட்டால் ஓடும் காரிலேயே காட்டுங்கள்.

தங்கும் அறை கோயிலின் கிழக்கு வாசலுக்கு நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். அறை பெரிதாக இருப்பதைவிட இது முக்கியம். ஈரத்தோடு ஐந்து நிமிடத்தில் அறைக்கு வந்து உடை மாற்ற முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையின் பாதிச் சிரமம் குறைந்துவிடும். லிஃப்ட் உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா, அதிகாலை 4 மணிக்கு வெந்நீர் வருமா என்ற மூன்றையும் பதிவு செய்யும்போதே கேளுங்கள். காரை ஒருமுறை நிறுத்தினால் கோயில் வேலை முடியும்வரை எடுக்க வேண்டாம். ரத வீதிப் பக்கம் காரில் போக நினைக்காதீர்கள். அம்மாவுக்கு ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள்.

அறையில் சற்றுப் படுத்து எழுந்து, 2:45க்கு தனுஷ்கோடிக்குக் கிளம்புங்கள். நிலம் முடியும் அரிச்சல்முனை வரை சுமார் 20 கிலோமீட்டர், 2017 முதல் தார்ச்சாலை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர், ரயில் நிலைய இடிபாடு எல்லாம் வழியில் இருக்கின்றன. நேராக அரிச்சல்முனைக்குப் போய்விட்டு, திரும்பும்போது இடிபாடுகளையும் கோதண்டராமர் கோயிலையும் பாருங்கள். முதலிலேயே இறங்கிவிட்டால் முனைக்குப் போக நேரம் போதாது. நிழல் எங்கும் இல்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அம்மாவுக்கும் பையனுக்கும் தொப்பியோ குடையோ வேண்டும். ஒருபுறம் ஆண்கடல், மறுபுறம் பெண்கடல் என்பார்கள். பெயரைக் கேட்டுப் பெண்கடலில் இறங்கலாம் என்று நினைக்க வேண்டாம். முனையில் இரண்டு கடலின் நீரோட்டமும் சேர்வதால் முழங்கால் ஆழத்திலேயே காலடி மணல் அரித்துப்போகும். குளிப்பதெல்லாம் அக்னி தீர்த்தத்தில் மட்டும்தான்.

காரின் சக்கரம் தாரை விட்டு மணலில் இறங்கவே கூடாது. மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும் மணல், கார் பாரத்துக்கு ஓர் அடி உள்வாங்கும். சிக்கிவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டி, வண்டியின் அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிடும். எல்லோரையும் இறக்கிவிட்டு, சக்கரத்தின் முன்னும் பின்னும் மணலைக் கையால் வாருங்கள். நான்கு டயரிலும் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்குங்கள். ஓட்டும் சக்கரங்களுக்கு அடியில் கால் மிதியை நுழைத்து, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். தாருக்கு வந்ததும் குறைந்த வேகத்தில் ஓட்டிப் போய் காற்று நிரப்ப வேண்டும். டிக்கியில் சிறிய மின்சாரக் காற்றுப் பம்பு ஒன்று இருந்தால் இந்த ஊரில் நல்ல உதவி.

சனி இரவு 9 மணிக்கெல்லாம் படுத்துவிடுங்கள். படுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. நான்கு பிளாஸ்டிக் பைகளில் ஆளுக்கொரு செட் உலர்ந்த உடையும் துண்டும் போட்டுத் தனித்தனியாகக் கட்டிவையுங்கள். தீர்த்தமாட அம்மாவுக்கும் மனைவிக்கும் அடர்நிறப் பருத்தித் துணி நல்லது. நனைந்த புடவை காலைச் சுற்றித் தடுக்கும் என்பதால் அம்மாவுக்குப் பழக்கமிருந்தால் சுடிதார் போட்டுவிடுங்கள். மோதிரம், கொலுசு, சங்கிலி எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி மோதிரம் தானாக நழுவும். செல்போனைக் கோயிலுக்குள் கொண்டுபோக முடியாது. பட்டன் அழுத்தித் திறக்கும் கார் சாவி கடல் தண்ணீரில் நனைந்தால் உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை அரித்துப்போகும், ஊரில் மாற்றுச் சாவி கிடைக்காது. அதையும் அறையிலேயே பூட்டிவையுங்கள்.

ஞாயிறு 4 மணிக்கு எழுந்து, அறையில் குளித்து, உலர்ந்த உடையோடு ஸ்படிகலிங்க தரிசனத்துக்குப் போங்கள். காலை 5 முதல் 6 வரைதான். 4:30க்கு வரிசையில் நின்றால் முண்டியடிக்க வேண்டியதில்லை. தரிசனம் முடிந்து அறைக்கு வந்து துணி மாற்றிக்கொண்டு, சூரியன் எழுந்த பிறகு கடற்கரைக்குப் போகலாம்.

அம்மாவின் சர்க்கரை விஷயத்தில் கவனம் வேண்டும். கோயிலுக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கலாம். மாத்திரையையோ ஊசியையோ போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். குளிர்ந்த நீரில் நனைந்து நடுங்கும்போது அந்த நடுக்கம் எதனால் என்று யாருக்கும் தெரியாது. அன்று காலை மருந்தை எப்போது போடுவது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். மனைவியின் பையில் வெல்லமோ சர்க்கரையோ ஒரு சிறு டப்பாவில் இருக்கட்டும். பாலும் இரண்டு பழமும் சாப்பிட்டுவிட்டுத் தீர்த்தமாடுவதால் அம்மாவின் பக்தியில் குறை வந்துவிடாது.

தர்ப்பணத்துக்கு வாத்தியாரை முதல் நாளே பேசிவையுங்கள், குடும்ப வாத்தியாரிடம் கேட்டால் ராமேஸ்வரத்தில் தெரிந்தவரைச் சொல்வார். கார் நிறுத்துமிடத்திலேயே வந்து ஒட்டிக்கொள்கிறவர்களிடம் தலையாட்டிவிட்டால் பிறகு தொகை ஏறிக்கொண்டே போகும். சங்கல்பம், தர்ப்பணம் மட்டுமா, பிண்டமும் உண்டா, சாமான் அவருடையதா, மொத்தம் எவ்வளவு என்பதைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். கோத்திரம், அப்பா வழியிலும் அம்மா வழியிலும் மூன்று தலைமுறைப் பெயர்கள், அப்பாவின் திதி இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். கரையில் உட்கார்ந்தபின் கொள்ளுப்பாட்டி பெயர் யாருக்கும் நினைவு வராது.

தர்ப்பணம் முடிந்து கடலில் மூழ்கியதும், உடுத்திய துணியைக் கடலில் விடச் சொல்வார்கள். தயவுசெய்து விடாதீர்கள். அலையில் புரளும் அந்தத் துணிதான் அடுத்து இறங்கும் முதியவரின் காலில் சுற்றுகிறது, மீனவரின் வலையிலும் சிக்குகிறது.

அடுத்தது 22 தீர்த்தம். ஆளுக்கு 25 ரூபாய்ச் சீட்டு. தீர்த்தமாடுகிறவர்களுக்கு நுழைவு வாசல் தனி. மகாலட்சுமி, சாவித்திரி, காயத்ரி, சரஸ்வதி என்று தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும். பெரும்பாலானவை கிணறுகள். கிணற்றின் கைப்பிடிச் சுவர் மேல் கால் ஊன்றி நிற்கும் ஆள், கயிறு கட்டிய சிறு வாளியை விட்டு மொண்டு, நிமிரும் வேகத்திலேயே தலையில் ஊற்றுவார். தண்ணீர் விழும் விசை எதிர்பார்ப்பதைவிட அதிகம். அம்மாவுக்குத் தலையில் வேண்டாம், தோளில் ஊற்றுங்கள் என்று சொன்னால் கேட்பார்கள். கூட்டமில்லாத காலையில் ஒரு மணி நேரம், ஞாயிறு என்றால் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

முட்டி வலிக்காரர்களுக்குத் தொல்லை நடை அல்ல, வழுக்கல்தான். கல்தளம் முழுதும் நாள் முழுக்க ஈரம். வெறுங்காலில், அடுத்த கிணற்றுக்கு ஓடும் கூட்டத்தின் நடுவே நடக்க வேண்டும். நீங்கள் ஒருபுறமும் மனைவி மறுபுறமும் கைபிடித்து, கூட்டத்தை முன்னால் விட்டுப் பின்னால் போங்கள். பையன் உங்களுக்கு முன்னால் நடக்கட்டும். பத்துக் கிணறு முடிந்ததும் அம்மாவுக்கு முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். மீதித் தீர்த்தங்களை நீங்கள் ஆடிவிட்டு, கோடி தீர்த்தத்தைப் பாத்திரத்தில் வாங்கி வந்து அவர் தலையில் தெளிக்கலாம். பெரியவர்களுக்கு இப்படித்தான் காலங்காலமாகச் செய்கிறார்கள். இதை வீட்டிலேயே அம்மாவிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள். ஈரத்தோடு நின்று வாதாடினால் அவர் பிடிவாதமாக நடப்பார்.

அறைக்கு வந்து உடை மாற்றி, இட்லி சாப்பிட்டுவிட்டு, 9:30க்குச் சுவாமி தரிசனத்துக்குப் போங்கள். அனுமன் கொண்டுவந்த விஸ்வலிங்கத்துக்கு முதல் பூஜை, பிறகுதான் சீதை மணலால் பிடித்த ராமலிங்கத்துக்கு என்பது இங்குள்ள மரபு. அம்பாள் பர்வதவர்த்தினியையும் பார்த்துவிட்டு, 1212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிரகாரத்தை நிதானமாகச் சுற்ற இப்போதுதான் நேரம் இருக்கும்.

12 மணிக்குச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கட்டாயம் தூங்கிவிட்டு, 2 மணிக்குக் காரை எடுங்கள். 4 மணிக்கு எழுந்த நீங்கள்தான் ஓட்டுகிறீர்கள். சாப்பிட்ட உடனே கிளம்பினால் பரமக்குடிக்கு முன்பே கண் சொருகும். இன்னும் தள்ளிப்போட்டாலோ பாம்பனில் ஞாயிறு மாலை நெரிசலில் மாட்டுவீர்கள். ஈரத் துணிகளை டிக்கியில் பிளாஸ்டிக் விரித்துப் போடுங்கள். கடல் உப்பு இருக்கையில் இறங்கினால் ஈரம் காயவே காயாது. மதுரை வந்த மறுநாளே வண்டியின் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். மேலே மட்டும் துடைத்து விட்டுவிட்டால், தனுஷ்கோடி மணலும் உப்பும் உள்ளேயே தங்கித் துரு பிடிக்கும்.