அப்பா சொன்ன எட்டு மேஜைக் கடை

கேள்வி: மே மாதம் அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி 40 வருடம் நிறைகிறது. அப்பாவுக்குச் சொந்த ஊர், ராமேஸ்வரத்துக்கு அருகே கடலோரத்தில் இருக்கும் மண்டபம் பக்கம். வெளியே எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால், எட்டே மேஜை போட்ட ஒரு சின்ன மீன் மெஸ்ஸைச் சொல்கிறார். அண்ணனோ பெரிய ஹோட்டலில் பஃபே என்கிறான். நாங்கள் 11 பேர். அப்பாவுக்கு மூட்டுவலி, அண்ணிக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. அந்தச் சின்னக் கடையில் விசேஷம் வைத்தால் சரியாக வருமா?
– ஒரு வாசகி, திருநகர், மதுரை

பதில்: அன்புத் தங்கைக்கு, அப்பா வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அங்கேயே போங்கள்.

என் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு நாங்கள் பெரிய ஹோட்டலுக்குத்தான் போனோம். வெள்ளையாக ஒரு சாஸ், அதில் முள்ளெடுத்த மீன் துண்டு. அம்மா அதை விரலால் புரட்டிப் பார்த்துவிட்டு, “தோலும் இல்ல, முள்ளும் இல்ல, என்ன மீன்னே தெரியலையே” என்றார். வீட்டுக்கு வந்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். இன்றைக்கும் அது எனக்கு மனசில் உறுத்துகிறது. கடற்கரையில் பிறந்தவர்கள் மீன் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கட்டைவிரலால் நடுமுள்ளை ஒட்டிச் சதையை வழித்து, முள்ளை இலை ஓரத்தில் ஒதுக்கி, தலையைக் கடைசிக்கு வைத்திருந்து உறிஞ்சுவார்கள். பின்னால் யாரும் இடத்துக்கு நிற்காத நேரம் அதற்கு வேண்டும்.

அந்த நேரத்தை நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், 11 பேரும் நின்றே களைத்துப்போவீர்கள். கல்யாண நாள் வெள்ளியிலோ சனியிலோ அமாவாசையிலோ விழுந்தால் அன்றைக்குக் கோயில், வீட்டில் பாயசம். மெஸ்ஸுக்கு அடுத்த புதன்கிழமை போகலாம். இரண்டு நாள் முன்னதாக, மத்தியானக் கூட்டம் வடிந்த பிறகு, மூன்றரை மணி வாக்கில் நேரில் போய் முதலாளியைப் பாருங்கள். “அப்பா அம்மாவுக்கு 40-வது கல்யாண நாள், பன்னிரண்டு மணிக்கே வந்துவிடுகிறோம், இரண்டு மேஜையைச் சேர்த்துப் போட முடியுமா?” என்று கேளுங்கள். போனில் கேட்டால் சரி சரி என்று மறந்துவிடுவார்கள். பெஞ்ச் மட்டும் இருந்தால் அப்பாவுக்குச் சாய்மானமுள்ள நாற்காலி ஒன்று கேளுங்கள், இல்லையென்றால் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். அதில் கூச்சம் ஒன்றும் இல்லை.

அப்புறம், மே மாதம் என்பதை மறக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் இனப்பெருக்கக் காலம் என்று நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுகள் போகும். மேற்குக் கரையில் தடை ஜூன் மாதத்தில்தான் தொடங்குகிறது, அதனால் கேரளப் பக்கத்து மீனும் மதுரைக்கு வரும். ஆனாலும் வரத்து குறைந்து விலை ஏறும், ஐஸில் நாள்பட்ட மீனும் கலக்கும். சீலா வறுவல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், “இன்னைக்கு எது புதுசா வந்திருக்கு?” என்று கேளுங்கள். நல்ல சாளையோ நெத்திலியோ இருந்தால், பழைய சீலாவைவிட அப்பாவுக்கு அதுதான் ருசிக்கும். மசாலா தடவித் தட்டில் அடுக்கிவிட்டால் எல்லாத் துண்டும் ஒரே சிவப்புதான். தடவாத மீனைக் காட்டச் சொல்லுங்கள். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, அழுத்தினால் சதை குழியாமல் இருக்க வேண்டும். அயிரை மீன் குழம்பு கிடைத்தால் விடாதீர்கள். விலை கூடுதல்தான், ஆனால் கடல் மீனில் வளர்ந்தவருக்கு 40 வருடம் சோறு போட்ட வைகைக் கரை ஊரின் ருசி அது. வறுவல் விலையைத் துண்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணி விஷயத்தில் மட்டும் துளியும் அசட்டை வேண்டாம். இறால் வறுத்த கல்லிலேயே மீனையும் போடுவார்கள், எண்ணெயும் அதேதான். இறால் சாப்பிட்டால் அவருக்கு உதடு வீங்குவது, மூச்சுத் திணறுவது என்று ஏதாவது வந்திருந்தால், அன்றைக்கு அவருக்கு அந்தக் கல்லிலிருந்து எதுவும் வேண்டாம். குழம்புகூட இறால், நண்டுக் கரண்டி படாததுதானா என்று கேட்டுத்தான் ஊற்ற வேண்டும். வீட்டிலிருந்து அவருக்கு ஒரு டப்பா சாப்பாடு கொண்டுவரலாமா என்று முதலாளியிடம் சொல்லி வைத்தால் மறுக்க மாட்டார்.

கேக்கை வீட்டில் வெட்டுங்கள். ஜிகர்தண்டா சாயங்காலம் போதும், மீனுக்கு மேல் பால் சேரக்கூடாது என்று அப்பாவே சொல்வார்.

அண்ணனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அப்பாவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்ற ஆசையில்தான் பஃபே என்கிறான். பட்டு வேட்டியும் அம்மாவுக்குப் புடவையும் அவனே எடுக்கட்டும், மெஸ்ஸில் பில்லையும் அவனே கொடுக்கட்டும். முதலாளியைப் பார்க்கப் போகும்போது அவனையும் கூட்டிப் போங்கள். குழம்பு மீனின் தலையை அப்பாவுக்கு எடுத்துவைக்கச் சொல்வது அவன் வாயிலிருந்து வரட்டும்.