குடியிருக்கும் வீட்டின் மேல் மொத்தக் கடனையும் ஏற்றாதீர்கள்

வணக்கம் சார். உயில் எழுதாமல் மறைந்த அப்பாவின் வீட்டை அடமானம் வைத்து, பக்கத்து வீட்டை 40 லட்சத்துக்கு வாங்கி, நடுச்சுவரை உடைத்து ஒன்றாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கும் வீட்டின் மேலேயே முதலில் வீட்டுக்கடன் கேளுங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு, அதாவது 32 லட்சம். வட்டியும் பொதுவாக அடமானக் கடனைவிடக் குறைவு. மீதி 8 லட்சம்; தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் சேர்ந்து 9 சதவீதம், 3.6 லட்சம். இந்த 11.6 லட்சத்துக்கும் மராமத்துக்கும் மட்டும் அப்பா வீட்டைத் தொடுங்கள்.

அந்த வீட்டிலும், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அம்மா, தங்கை இருவருக்கும் உங்களோடு சம பங்கு உண்டு. வாரிசுச் சான்றில் பெயர் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போடாமல் வங்கி நகராது. தங்கையிடம் கடன் தொகையை இப்போதே சொல்லிவிடுங்கள், கடைசி நாளில் வேண்டாம்.

முன்பணத்துக்கு முன் 30 வருட வில்லங்கச் சான்று பாருங்கள். மூலப்பத்திர அளவை டேப் பிடித்துச் சரிபாருங்கள்; பொதுச்சுவர் யாருடையது என்பதில்தான் பல கிரயம் சிக்குகிறது.

இரண்டு கடனும் ஒரே வங்கியில் இருக்கட்டும். அடமானத்தில் உள்ள சுவரை உடைக்க வங்கியின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் தளத்தையே தாங்கும். இருபுறமும் முட்டுக் கொடுத்து, லிண்டல் (திறப்பின் மேல் வரும் கான்கிரீட் விட்டம்) இரு முனையிலும் 15 செ.மீ.யாவது சுவரில் உட்கார்ந்து, கான்கிரீட் இறுகிய பிறகே கீழே உடைக்கச் சொல்லுங்கள்.