காபியும் கணையமும் – கடிதம்

வணக்கம் சார்,

காபி குடித்தால் கேன்சர் வரும் என்று எண்பதுகளில் ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு அன்றோடு காபியை விட்டவர் என் அப்பா. இப்போது வாட்ஸ்அப்பில், தினம் மூன்று காபி குடித்தால் ஆயுள் கூடும் என்று வருகிறது. இரண்டுமே வெளிநாட்டு ஆய்வாம். இவர்களை நம்பி ஏமாறுவதற்குப் பதில், பாட்டி சொன்னபடி, கண்ணால் பார்த்த அனுபவப்படி நடந்துகொண்டு போய்விடலாம் இல்லையா?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பா படித்தது அநேகமாக 1981-ல் வந்த ஆய்வைப் பற்றிய செய்தியாக இருக்கும். ஹார்வர்டில் பிரையன் மக்மேன் என்பவரின் குழு செய்தது. கணையப் புற்றுநோய் வந்த 369 பேரிடமும் அது வராத 644 நோயாளிகளிடமும் காபிப் பழக்கத்தை விசாரித்தார்கள். புற்றுநோய் வந்தவர்கள் கூடுதலாகக் காபி குடித்திருந்தார்கள். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது, சாதாரண இதழ் இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை, கணக்கிலும் பிழை இல்லை.

சிக்கல் அந்த 644 பேரிடம் இருந்தது. அவர்களும் அதே டாக்டர்களிடம் வேறு நோய்களுக்காக வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள். கணையத்தைப் பார்க்கிற டாக்டரிடம் வேறு யார் வருவார்கள்? வயிற்றுப்புண், குடல் கோளாறு என்று வருகிறவர்கள்தான் நிறைய. அப்படிப்பட்டவரிடம் நம் ஊர் டாக்டர் முதலில் என்ன சொல்வார்? "காபியையும் காரத்தையும் குறைங்க." அங்கேயும் அதே கதைதான். வயிற்று வலிக்குப் பயந்து காபியைக் குறைத்துக்கொண்டவர்களைப் பக்கத்தில் நிறுத்தினால், எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும் காபிப் பைத்தியமாகத்தான் தெரிவார். 1986-ல் அதே குழு இன்னொரு முறை செய்து பார்த்து, பழைய தொடர்பு இந்த முறை தென்படவில்லை என்று தானே எழுதியது. அந்தச் செய்தி உங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்காது. மறுப்புச் செய்திக்கு என்றைக்கு முதல் பக்கம் கிடைத்திருக்கிறது?

ஆயுள் கூடும் என்கிற வாட்ஸ்அப் சங்கதிக்கும் இதே மருந்துதான். உடம்பு முடியாமல் போனவர்கள் தாங்களாகவே காபியைக் குறைத்துக்கொள்வார்கள். மூன்று வேளையும் குடிக்கிறவர்களின் கூட்டத்தில் திடகாத்திரமானவர்கள் கூடுதலாகத் தங்கியிருக்கலாம். நான் காலையில் இரண்டு டம்ளர் குடிக்கிறேன், ருசிக்காக. ஆயுளை இதில் சேர்த்துப் பார்ப்பதில்லை.

சரி, பாட்டிக்கு வருகிறேன். இங்கேதான் உங்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பெருந்துறை சானடோரியம் இருந்தது, காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கிற ஆஸ்பத்திரி. இங்கே தாம்பரத்தில் சானடோரியம் என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. டி.பி. வந்தால் காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், பாலும் முட்டையும் சாப்பிட வேண்டும். பாட்டிகள் மட்டும் சொன்னதில்லை, டாக்டர்களும் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அத்தனை பேருக்குக் கட்டிலுக்கு எங்கே போவது?

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் முன்நின்று நடத்தினார். நகரத்து ஏழைகளில் 193 நோயாளிகள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் வீட்டுக்கு. யார் எங்கே என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை, குலுக்கல் மாதிரி முன்கூட்டியே தீர்மானமாகியிருந்தது. டாக்டர் கையில் விட்டிருந்தால், "ஐயோ பாவம், இவனுக்கு ரொம்ப முத்திவிட்டதே" என்று மோசமானவர்களாகப் பார்த்து சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். அந்த இரக்கமே ஒப்பீட்டைக் கெடுத்திருக்கும்.

இரண்டு தரப்புக்கும் ஒரு வருடம் ஒரே மருந்துதான், ஐசோநயசிட், பாஸ் (PAS) என்ற இரண்டு காசநோய் மருந்துகள். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான வீடுகளில், அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்தார்கள். மருந்தை உண்மையிலேயே விழுங்குகிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். (எனக்கு இந்த ஆய்வில் ரொம்பப் பிடித்த இடம் இது. நோயாளியின் வாய்ச்சொல்லை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, கூடவே பாட்டிலையும் நீட்டுவது.)

வருடக் கடைசியில் சானடோரியத்துக்காரர்கள் நன்றாக எடை போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர்களுக்கு அவ்வளவு ஏறவில்லை. கண்ணால் பார்த்த அனுபவத்தை மட்டும் நம்பியிருந்தால், அங்கேயே தீர்ப்பு எழுதி முடித்திருப்போம். ஆனால் சளியையும் எக்ஸ்ரேயையும் சோதித்தபோது, நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. இத்தனை சின்னக் கூட்டத்தில் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. வீட்டில் இருந்தால் குடும்பத்துக்கே ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் இருந்ததல்லவா? கூட இருந்தவர்களையும் தொடர்ந்து சோதித்தார்கள். சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பங்களைவிட இவர்களுக்கு நோய் கூடுதலாக வரவில்லை. 1959-ல் முடிவு வெளிவந்தது. பிறகு உலகம் முழுக்க சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அல்லது வேறு ஆஸ்பத்திரிகளாக மாறின.

ஆகவே அடுத்த முறை வாட்ஸ்அப்பில் ஆய்வு வந்தால், யாரை யாரோடு ஒப்பிட்டார்கள், அவர்களைப் பிரித்தது யார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். செய்தியில் அது இல்லையென்றால் நான் அதற்குமேல் படிப்பதில்லை.

அப்புறம், அப்பா காபியை விட்டபின் டீக்கு மாறினாரா? 1981 ஆய்வில் டீயையும் விசாரித்திருந்தார்கள். கணையத்தோடு அதற்குத் தொடர்பு எதுவும் தெரியவில்லை. ஆனால் வயிறு சரியில்லாதவர்களுக்கு அந்த டாக்டர்கள் டீயையும் குறைக்கச் சொல்லியிருந்தார்களா என்பதை யோசிக்காமல், இதை அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.