நண்பரின் துப்பாக்கி என் வீட்டில்: எச்-1பி விசாவில் இருப்பவர் என்ன செய்வது?

கேள்வி: டெக்சாஸில் டாலஸ் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறேன். எச்-1பி விசா. கிரீன் கார்டுக்காக நிறுவனம் போட்ட ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் கிடைத்து, கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறேன். எங்கள் பகுதியில் தங்க நகைக்காகச் சில இந்தியக் குடும்பங்களின் வீடுகளில் திருட்டு நடந்தது. அமெரிக்கக் குடிமகனான நண்பர் ஒருவர் இந்தியா கிளம்பும்போது, "நான் வரும்வரை இது உங்களிடம் இருக்கட்டும், உங்களுக்கும் பாதுகாப்பு" என்று தன் கைத்துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போனார். டெக்சாஸில் இதற்கு லைசென்ஸே வேண்டாம் என்றார். வேட்டை லைசென்ஸ் எடுத்தால் போதும் என்கிறார் இன்னொருவர். நானே ஏடிஎஃப் (துப்பாக்கிச் சட்டங்களை அமல்படுத்தும் ஃபெடரல் அமைப்பு) அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். பக்கத்து வீட்டு அமெரிக்கர், "அந்த அதிகாரிகளை நம்பவே நம்பாதே" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அவசரமான விஷயம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற விதிவிலக்கு எதுவும் இல்லாமல் அந்தத் துப்பாக்கி உங்கள் வீட்டில் இருப்பதே ஃபெடரல் குற்றம், அதாவது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். தோட்டாவும் அப்படித்தான். அதைக் காரில் வைத்து வேறு வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், எங்காவது போட்டுவிட்டு வராதீர்கள், பழகிப் பார்க்கலாம் என்று ரேஞ்சுக்கும் (சுடும் பயிற்சிக் கூடம்) போகாதீர்கள். பூட்டி வையுங்கள். உங்கள் கவனக்குறைவால், சுடத் தயாராக இருக்கும் துப்பாக்கி குழந்தையின் கைக்குக் கிடைத்துவிட்டால் டெக்சாஸ் சட்டத்தில் அது தனிக் குற்றம். இன்றே, குடியேற்றச் சட்டமும் தெரிந்த ஒரு கிரிமினல் வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள். சட்டப்படி அதை வாங்கிக்கொள்ளக்கூடியவர் ஒருவரிடம் எப்படி ஒப்படைப்பது என்பதை அவர் ஏற்பாடு செய்வார். வழக்கு ஆலோசனைக்காக அவரிடம் நீங்கள் சொல்வது ரகசியமாகவே இருக்கும். என்னிடமோ நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலோ சொன்னால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

1998-இல் வந்த திருத்தத்தின்படி, தற்காலிக விசாவில் அமெரிக்கா வந்தவர்கள், சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. "அது என் பெயரில் இல்லையே" என்று உங்களுக்குத் தோன்றலாம். யாருடையது என்பதைச் சட்டம் கேட்கவில்லை, யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றுதான் கேட்கிறது. ஐ-140 ஒப்புதல் உங்கள் விசா நிலையை மாற்றாது. உங்கள் மனைவி எச்-4 (எச்-1பி உள்ளவரின் குடும்பத்தினருக்கான விசா) என்றால் அவருக்கும் இதே தடைதான். டெக்சாஸில் லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்பது 2021 முதல் உண்மைதான். ஆனால் அது மாநிலச் சட்டம், ஃபெடரல் தடை உள்ளவரை அது காப்பாற்றாது. உங்கள் விசா நிலை தெரிந்தே கொடுத்திருந்தால் நண்பரும் மாட்டுவார்.

தண்டனை 2022-இல் 10 ஆண்டிலிருந்து 15 ஆண்டாக உயர்ந்தது. அது உச்ச அளவு. என்னைக் கேட்டால், சிறையைவிட உங்கள் குடும்பத்தை அதிகம் உலுக்கப்போவது குடியேற்ற விளைவுதான். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தலாம் என்கிறது குடியேற்றச் சட்டம். கிரீன் கார்டு உள்ளவருக்கே அந்தக் கதி என்றால் உங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வேட்டை லைசென்ஸ் விஷயம் வதந்தி இல்லை. அது சட்டத்திலேயே உள்ள விதிவிலக்கு. ஆனால் கையில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கும் நாட்களுக்குத்தான் அது துணை. நேற்றுவரை வைத்திருந்ததை இன்று எடுக்கும் லைசென்ஸ் அழிக்காது. டெக்சாஸில் வேட்டை லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடியும். செப்டம்பர் 1 அன்று புதியது இல்லை என்றால் மறுபடி குற்றம்தான். இப்போது அவசரப்பட்டு ஒன்றை வாங்கி வைக்காதீர்கள், வழக்கறிஞர் சொன்ன பிறகு செய்யுங்கள்.

"தெரியாமல் செய்தேன் என்று சொல்லலாமா" என்று அடுத்துக் கேட்பீர்கள். ரெஹைஃப் வழக்கு இதைப் பற்றியதுதான். ஃபுளோரிடாவில் மாணவர் விசாவில் படித்தவர், மதிப்பெண் குறைந்து கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார், வழக்கு வந்தது. தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்கள் எச்-1பி என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். சட்டம் தெரியாது என்பது பதிலாகாது.

இனி பக்கத்து வீட்டுக்காரர் பேச்சுக்கு வருவோம். அவர் சந்தேகத்துக்கு வரலாறு உண்டு. 1992-இல் ஐடஹோ மாநிலத்தின் ரூபி ரிட்ஜ், 1993-இல் உங்கள் மாநிலத்திலேயே வேக்கோ என்ற இடங்களில் ஃபெடரல் அதிகாரிகள் நடத்திய முற்றுகைகள். இரண்டும் துப்பாக்கிச் சட்ட வழக்குகளாகத் தொடங்கி, பல உயிர்கள் போய் முடிந்தவை. துப்பாக்கியை மிக வேகமாகத் தொடர்ந்து சுட வைக்கும் பம்ப் ஸ்டாக் என்ற கருவியைச் சட்டப்படி வைத்திருக்கலாம் என்று பல ஆண்டுகள் சொன்ன ஏடிஎஃப், 2018-இல் அது இயந்திரத் துப்பாக்கி, அழியுங்கள் அல்லது ஒப்படையுங்கள் என்றது. ஆஸ்டினில் துப்பாக்கிக் கடை நடத்தும் மைக்கேல் கார்கில் தன்னிடம் இருந்த இரண்டையும் ஒப்படைத்தார். ஒப்படைத்துவிட்டு வழக்குப் போட்டார். 2024-இல் உச்ச நீதிமன்றம், ஏடிஎஃப் தன் அதிகாரத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது. நான் மதிக்கும் வழி அதுதான். அதிகாரிகளை நம்பவில்லை என்பதற்காக அவர் சட்டத்தை மீறவில்லை, கீழ்ப்படிந்ததற்காகத் தன் உரிமையை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

ஆகவே தனியாக ஏடிஎஃப் அலுவலகத்துக்குப் போகாதீர்கள். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் சொல்லவில்லை. சாட்சியம் சேர்ப்பது அவர்கள் வேலை, உங்கள் நலனைப் பார்ப்பது உங்கள் வழக்கறிஞர் வேலை. தகவல் சொல்ல வேண்டுமென்றால் அவர் மூலமாகப் போகட்டும். அவர்களே வீட்டுக்கு வந்தால், நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் உள்ளே விட வேண்டிய கட்டாயம் இல்லை. "என் வழக்கறிஞர் இல்லாமல் பேச விரும்பவில்லை" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில், வந்த அதிகாரியிடம் எதையாவது சொல்லி அனுப்பப் பார்ப்போம். இங்கே அது பெரிய ஆபத்து. ஃபெடரல் அதிகாரியிடம் சத்தியம் செய்யாமல் சொன்ன பொய்க்கும் 5 ஆண்டு வரை சிறை உண்டு, மௌனத்துக்குத் தண்டனை இல்லை. நண்பர் அனுப்பிய செய்திகளையும் அழிக்காதீர்கள், அது சாட்சியத்தை அழித்த குற்றமாகலாம்.

கிரீன் கார்டு வந்த பிறகு, வேறு தடை எதுவும் இல்லை என்றால், கடைக்குப் போய், துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 படிவத்தை நீங்களே நிரப்பி, எஃப்பிஐ பின்னணிச் சோதனை முடிந்து உங்கள் பெயரிலேயே வாங்கலாம். அதுவரை நகைகளை வங்கி லாக்கரில் வையுங்கள், வீட்டுக்கு அலாரம் போடுங்கள். வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு), ஐ-797 (குடியேற்றத் துறையின் ஒப்புதல் அறிவிப்பு), நண்பரின் செய்திகள் மூன்றையும் எடுத்துப் போங்கள். துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும்.