கொழும்பில் மழை என்றால் வவுனியாவில் விதைக்கலாமா?

வன்னியில் காணி வைத்துக்கொண்டு கொழும்பில் இருப்பவர்கள் மாட்டுத் தீவனப் பயறுகள் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்.

வெள்ளவத்தை: ஐயா, வைகாசியில் இங்கே நல்ல மழை. வவுனியாக் காணியில் தீவனத்துக்குக் கௌபி போடச் சொல்லட்டுமா?

வேண்டாம் தம்பி. இங்கே பெய்வது தென்மேல் பருவமழை. அது ஈரத்தை மலைநாட்டில் இறக்கிவிடும். வவுனியாவுக்குப் போய்ச் சேருவது காய்ந்த சோளகக் காற்றுத்தான். அங்கே விதைப்பு ஐப்பசியில், பெரும்போக மழையோடு. முதல் தூறலுக்கே அவசரப்படவும் வேண்டாம். ஒரு சாண் ஆழம் கொத்தி, அடிமண்ணை அள்ளி இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். கையை விரித்த பிறகும் கொழுக்கட்டை மாதிரி நின்றால் விதைக்கலாம். பொலபொலவென்று உதிர்ந்தால் அடுத்த மழை வரட்டும். கார்த்திகையில் வெள்ளம் நிற்கும் காணியென்றால் மேட்டுப் பாத்தி கட்டாயம். கௌபிக்குத் தேங்கிய தண்ணீர் ஆகாது.

தெஹிவளை: பங்குனியில் கிணறு பாதியாகிவிடும். இருக்கிற தண்ணீரை எப்படிப் பங்கிடுவது?

ஒரு பரப்புக்கு, அதாவது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்குக்கு, 20 மில்லிமீற்றர் தண்ணீர் கட்ட ஏறக்குறைய 5,000 லீற்றர் வேண்டும். இதை வைத்துக் கிணற்றைக் கணக்குப் பாருங்கள், எத்தனை பரப்புக்குத் தாங்கும் என்று தெரியும். அந்த அளவுக்கு மட்டும் நிறையக் கட்டுங்கள், மிச்சக் காணியை விட்டுவிடுங்கள். எல்லா இடத்துக்கும் தினமும் கொஞ்சம் தெளித்தால் மேல்மண்தான் நனையும், வேரும் கீழே இறங்காது. முளைத்த முதல் இரண்டு வாரமும், பல தடவை வெட்டும் பயிரென்றால் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும், தண்ணீர் தவறக்கூடாது. ஐப்பசிக் கௌபியைப் பாதிச் செடி பூத்ததும், 50–60 நாளில், வெட்டிவிடலாம். பங்குனிக் கிணற்றை அது தேடாது.

கொட்டாஞ்சேனை: தீவனப் பயறென்று ஸ்டைலோ போட்டேன், விதை முளைக்கவே இல்லை.

விதைத் தோல் கடினம், அக்கா. கொதித்த தண்ணீரை இறக்கி, 80 பாகைக்கு ஆறியதும் நாலைந்து நிமிடம் விதையைப் போட்டெடுங்கள். அப்புறம் பச்சைத் தண்ணீரில் ஊறவையுங்கள். ஆழமாகப் புதைக்க வேண்டாம்.

பம்பலப்பிட்டி: கோடையில் பச்சைத் தீவனத்துக்கு என்ன வழி?

வேலிக் கதியாலாகக் கிளிரிசிடியா. வெட்டாமல் விட்டால் தை, மாசியில் இலையுதிர்த்துப் பூத்துவிடும். அதற்கு முன்பே கொப்பு வெட்டுங்கள், புதுத் துளிர் கோடைக்கு நிற்கும். இலையை ஒரு இரவு வாடவைத்துப் புல்லோடு கலந்து கொடுங்கள். எங்கள் பசு மூன்று நாள் முகர்ந்துவிட்டுத் திரும்பியது. நாலாம் நாள் புல்லை ஒதுக்கிவிட்டு அந்த இலையைத் தேடியது.